கொடிக்கம்புக்கு மேலே ஐம்பது அடி

மன்தோவா தன் கொடிக்கம்பைச் சாய்க்கச் சம்மதித்ததே பெரிய விஷயம். மலையூரான ஹா மொகேசியில் ஜோவாலா என்கிற சோள மது காய்ச்சுகிற வீடுகள் நான்கு. சோளம் புளித்து மது பதத்துக்கு வந்துவிட்டால் கூரைக்கு மேலே ஒரு கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். பார்த்தவர்கள் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரிகளுக்கும் ஊர்க்காரர்கள் பார்த்தால் போதும். மன்தோவாவுக்குப் போதாது. எதிர்மலையில் ஆடு மேய்க்கிறவனுக்கும் நாக்கு ஊற வேண்டும். அதற்காகவே ஒரு யூகலிப்டஸ் மரத்தின் தலையில் இன்னொன்றை வைத்துக் கம்பியால் இறுக்கி, முப்பத்தைந்து அடிக்கு ஒரு கம்பை நிறுத்தியிருந்தாள்.

அடியில் இரண்டு கல்தூண்கள், நடுவே ஓர் இரும்பு அச்சு. கயிற்றைத் தளர்த்தினால் கம்பு படுத்துக்கொள்ளும், இழுத்தால் எழுந்து நிற்கும். மது தீர்ந்தால் படுக்கும், அடுத்த பானை தயாரானால் எழும். வாரத்தில் இரண்டு நாளாவது அது நிற்கும்.

கம்பு எங்கே நின்றால் என்ன என்று கேட்கலாம். அது நின்ற இடம்தான் வம்பு. க்ளினிக் வாசலில் தொடங்கும் மண் ஓடுபாதை சரிவாகக் கீழே இறங்கி ஒரு பள்ளத்தின் விளிம்பில் முடிகிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு, மேட்டின் மேல் மன்தோவா வீடு. இடமும் வலமும் பாறைச் சுவர். விமானம் மேட்டுப் பக்கமிருந்து வந்து க்ளினிக்கை நோக்கி இறங்கும், பள்ளத்தை நோக்கிக் கிளம்பும், வேறு வழியே கிடையாது. ஆக, ஹா மொகேசியை விட்டுக் கிளம்பும் எந்த விமானமும் மன்தோவாவின் கொடிக்கு மேலேதான் போயாக வேண்டும்.

அந்த வியாழக்கிழமை காலை, க்ளினிக் நர்ஸ் மதகானே மூச்சு வாங்க அந்த மேட்டுக்கு ஓடி வந்தாள். பதினான்கு வருடமாக அந்த க்ளினிக்கை ஒற்றை ஆளாகக் கட்டிக் காப்பவள். அம்மா என்பதற்கு 'ம்மே', ஐயா என்பதற்கு 'ந்தாதே' என்று ஊர் வழக்கப்படி மரியாதையோடுதான் யாரையும் கூப்பிடுவாள். எதற்கும் ஓடமாட்டாள். அவள் ஓடுகிறாள் என்றால் ஊரே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

"ம்மே மன்தோவா, குழந்தை குறுக்க கிடக்கு. நான் எவ்வளவோ திருப்பிப் பாத்துட்டேன், திரும்பல. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். மசேரு பெரியாஸ்பத்திரிக்கு ரேடியோல சொல்லிட்டேன், விமானம் வருது."

மன்தோவாவின் மகள் நியாகாலோ விடியற்காலையிலிருந்து க்ளினிக் கட்டிலில் வலியோடு கிடந்தாள். மன்தோவா பானையில் விட்ட துடுப்பை அப்படியே விட்டாள்.

"நானும் போவேன்ல?"

"அதுக்குத்தான் வந்தேன். நவம்பர்ல அந்த பைலட் பொண்ணு மொசேலே என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அந்தக் கம்பு மட்டும் இல்லேன்னா மத்தியான வெயில்ல கூட இன்னொரு ஆளை ஏத்திட்டுப் போவேன்'னா. கம்பைச் சாய்ங்க. நீங்களும் போகலாம்."

மூன்று வருடத்துக்கு முன் நியாகாலோவின் முதல் குழந்தை மலைப்பாதையில் செத்தது. ஒன்பது மணி நேரப் பாதை. ஒரு பிக்கப்பின் பின்புறத்தில், சாக்குகளுக்கு நடுவே, மன்தோவாவின் மடியில். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஊரை விட்டு வெளியே போவதென்றாலே உடம்பு வெடவெடக்கும். இன்றும் காலையிலிருந்து ஒரே பாட்டுதான்: "அம்மா வந்தாத்தான் போவேன்."

மன்தோவாவின் புருஷன் ரமகாட்சா கயிற்றைத் தளர்த்தினான். நல்ல மனுஷன். எதையும் ஒருமுறை கேட்டுப் புரிந்துகொண்டு அதற்கப்புறம் யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளாத ரகம்.

"ஏன் சிஸ்டர், என் கம்பு படுக்கிறதுக்கும் விமானத்துல ஆளு ஏத்துறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கம்பு கீழ கிடந்தா கூடுதலா ஒரு ஆளை ஏத்துவாங்க ந்தாதே. அவ்வளவுதான்."

அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மதகானே திரும்பி ஓடினாள். அந்த 'அவ்வளவுதான்' பின்னால் என்ன பாடுபடுத்தும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

விமானம் காலையிலேயே வந்திருந்தால் பரவாயில்லை. கணவாயில் மேகம் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. விமானத்தின் சத்தம் கேட்டபோது மணி பன்னிரண்டரை. அங்கே ஜனவரிதான் கோடை. வெயில் ஓடுபாதையில் கானல் காட்டிக்கொண்டிருந்தது, காற்று சூடானால் விமானம் ஏறத் திணறும்.

கேப்டன் மொசேலே இறங்கினாள். குள்ளமானவள், முப்பத்தெட்டு வயது. மலை க்ளினிக்குகளில் அவளுக்கு 'முடியாது மொசேலே' என்று பட்டப்பெயர். அவளுக்கு முன்னால் வந்துகொண்டிருந்த பழைய பைலட்டைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்பான். நோயாளி, நோயாளியின் தங்கை, தங்கையின் ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறும். அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை. ஒன்றும் ஆகாததால் ஊருக்கே அவன் செல்லப்பிள்ளை. மொசேலே வந்தபின் ஆட்டுக்குட்டி போயிற்று, தங்கையும் போயிற்று. ஒரு மூட்டை பட்டாணியைக் கூட "இது யாருது? எவ்வளவு?" என்று கேட்காமல் ஏற்றமாட்டாள்.

முதல் வேலையாக இறக்கையின் நிழலில் வெப்பமானியைத் தொங்கவிட்டாள். பிறகு ஓடுபாதையில் கடைசிவரை நடந்தாள். கல்லைக் கண்டால் காலால் தள்ளினாள், புல்லைக் கண்டால் குனிந்து உள்ளங்கையால் அளந்தாள். பாதித் தூரத்தில் ஓரமாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு பெரிய கல் உண்டு. அவள் அடிக்கச் சொன்னதுதான். அந்தக் கல்லை எட்டும்போது அவள் மனதில் வைத்திருக்கும் வேகம் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவாள். கல்லைத் தாண்டிவிட்டால் நிறுத்த இடம் கிடையாது. அதற்கப்புறம் பள்ளம்தான்.

க்ளினிக்குக்குத் திரும்பி வந்து, விமானத்தோடு வந்திருந்த நர்ஸிடம் நியாகாலோவை ஸ்ட்ரெச்சரில் எடுக்கச் சொன்னாள். நியாகாலோ அம்மாவின் கையை விடவில்லை.

"இவங்க?" என்றாள் மொசேலே.

"அம்மா. கூட வராங்க," என்றாள் மதகானே, பட்டும் படாமலும்.

"தராசுல ஏறச் சொல்லுங்க ம்மே."

மன்தோவா வியாபாரி. தராசு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கம்பளிப் போர்வையைக் கழற்றினாள், ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள், கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றாள்.

"எழுபத்தேழு," என்றாள் மதகானே.

"மூச்சைப் பிடிச்சா எடை குறையாது ம்மே," என்றாள் மொசேலே. "போர்வையைப் போட்டுக்கிட்டு ஏறுங்க."

"போர்வையெல்லாம் ஒரு எடையா பொண்ணே?"

"நீங்க பறக்கும்போது அது கீழ நின்னு டாட்டா காட்டுமா? போட்டுக்கங்க. பூட்ஸும். தடியும்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த நியாகாலோவுக்கே அந்த வலியிலும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. எண்பத்திரண்டு காட்டியது. மொசேலே பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்த ஒரு தாளை எடுத்தாள், எந்த வெயிலில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்ற கணக்கு. வெப்பமானியைப் பார்த்தாள், தாளில் விரலை ஓட்டினாள், பென்சிலால் எதையோ எழுதினாள். பிறகு தாளை மடித்தாள்.

"பொண்ணை மட்டும்தான் எடுத்துக்க முடியும் ம்மே."

மதகானேவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "நல்லாப் பாத்தீங்களா? அந்தப் பக்கம் பாருங்க. கம்பு இல்ல. நீங்க நவம்பர்ல சொன்னதுக்காகத்தான் காலையில ஓடிப்போய்ச் சாய்க்கச் சொன்னேன்."

மொசேலே மேட்டைப் பார்த்தாள். கம்பு இல்லாத மேடு மொட்டையாகத்தான் இருந்தது.

"பாத்தேன். இறங்கும்போதே பாத்தேன். நீங்க செஞ்சது பெரிய விஷயம், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எடுத்துட்டாங்களா, சாய்ச்சிருக்காங்களா?"

"சாய்ச்சிருக்கு."

"அச்சு, தூண், கயிறு எல்லாம் இருக்கா?"

"இருக்கு. அதனால என்ன?"

"சாஞ்சது நிமிரும் ம்மே. கம்பை வெட்டி, தூணைப் பிடுங்கி, எங்க ஆளு ஒருத்தர் வந்து கண்ணால பாத்து, இந்தத் தாளை மாத்திக் குடுக்கிறவரைக்கும் எனக்கு அங்க கம்பு நிக்குது. முப்பத்தஞ்சு அடி. அதுக்கு மேல நான் ஐம்பது அடி விட்டுத்தான் போவேன். இவங்களை ஏத்தினா அந்த ஐம்பது இல்ல."

"இல்லாத கம்புக்கு மேல ஐம்பது அடியா?" மதகானேவின் குரல் உயர்ந்தது. "இந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒண்ணைப் பறிகொடுத்தவ. அம்மா இல்லாம வரமாட்டேங்கிறா. இப்படிப் பயத்துல துடிச்சா ரத்த அழுத்தம் எங்க போகும்னு எனக்குத் தெரியும், உங்க தாளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பழைய பைலட்டா இருந்தா இந்நேரம் ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போயிருப்பான்."

"போயிருப்பார்," என்றாள் மொசேலே. கோபமே படவில்லை. அதுதான் மதகானேவுக்கு இன்னும் எரிச்சல். "இந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதினவங்க புது எஞ்சினை வெச்சு, நல்ல பாதையில ஓட்டிப் பாத்து எழுதினாங்க. என் எஞ்சின் புதுசில்ல. பாதையில புல்லு. காத்து எப்போ திரும்பும்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததுக்கெல்லாம் சேத்து ஒரு இடம் விட்டு வைக்கிறேன் ம்மே. அந்த இடத்துல ஆளை ஏத்தமாட்டேன்."

"கல் நெஞ்சு," என்றாள் மதகானே, அவள் காதில் விழும்படியாகவே. பதினான்கு வருடத்தில் ஒரு பைலட்டை அவள் அப்படிச் சொன்னதில்லை.

மன்தோவா சண்டை போடவில்லை. மகளிடம் குனிந்தாள்.

"போ. நான் பின்னாலேயே வண்டியில வரேன்."

"எந்த வண்டியில? ஆத்துல தண்ணி ஓடுது," என்று அழுதாள் நியாகாலோ. "நீ பொய் சொல்றே."

பொய்தான். மன்தோவா தன் போர்வையைக் கழற்றி மகள் மேல் போர்த்தினாள். நீலமும் பழுப்புமாகக் கோடு ஓடிய கெட்டிக் கம்பளி, கல்யாணத்துக்கு வாங்கியது. பத்து வீட்டு அடுப்புப் புகை அதில் இருந்தது. "இதைப் பிடிச்சுக்க. நான்தான் இது."

மொசேலே நின்று பார்த்தாள். பிறகு வந்து போர்வையின் ஒரு நுனியைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ இருக்குமா ம்மே?"

"இதையும் வேணாங்கிறியா?" மன்தோவாவின் கண் அப்போதுதான் நிறைந்தது.

மொசேலே நேராக விமானத்துக்குப் போனாள். தன் இருக்கைக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள். மழைக்கோட்டு, ஃப்ளாஸ்க், மத்தியானத்துக்கு வைத்திருந்த ரொட்டி. அப்படியே மதகானே கையில் கொடுத்தாள்.

"இது ரெண்டரை கிலோ. அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன். போர்வை போகட்டும்."

மதகானே பையோடு நின்றாள். பசியோடு பறக்கப் போகிறவளை என்னவென்று திட்டுவது? ஆனாலும் கோபம் தீரவில்லை. ரெண்டு கிலோவுக்கு இரங்குகிற மனசு எண்பதுக்கு ஏன் இரங்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். எஞ்சின் உறுமியது. மதகானேவும் மன்தோவாவும் க்ளினிக் வேலியோரம் நின்றார்கள். மதகானே கையில் ரேடியோ. மன்தோவாவின் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது. மொசேலே பிரேக்கைப் பிடித்தபடி எஞ்சினை முழு வேகத்துக்கு விட்டு, விமானம் நடுங்க நடுங்கச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு விட்டாள்.

சரிவில் அது ஓடியது. புழுதி பின்னால் சுவராக எழுந்தது. வெள்ளைக் கல் வந்தது. விமானம் நிற்கவில்லை. வேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். கல்லைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் மேட்டில் ஏதோ அசைந்தது.

முதலில் புல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு அது தரையிலிருந்து கிளம்பியது. முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கிற கிழவனைப் போல மெதுவாக, நிதானமாக, கம்பு எழுந்தது.

"ஐயோ," என்றாள் மன்தோவா. "அது என் கம்பு!"

மதகானே ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோனாள். என்ன சொல்வது? நிறுத்து என்றா? கல்லைத் தாண்டியாயிற்று. திரும்பு என்றா? இரண்டு பக்கமும் பாறை. பொத்தானில் விரலை வைத்தபடியே நின்றாள்.

கம்பு நேராக நின்றது. கொடி விரிந்தது. மதகானே அது பறக்கும் திசையைப் பார்த்தாள். கொடி மேட்டுக்கு அப்பால், எதிர்மலைப் பக்கம் பறந்தது. கிளம்பும்போது எதிரே வந்துகொண்டிருந்த காற்று இப்போது விமானத்தின் முதுகுப்பக்கம் வந்துவிட்டது. எதிர்க்காற்று தூக்கும், பின்காற்று அமுக்கும். பதினான்கு வருடம் ஓடுபாதை ஓரத்தில் நின்றவளுக்கு அது கூடத் தெரியாதா?

"ரமகாட்சா!" மன்தோவா கத்தினாள். அரைமைல் தூரத்துக்கு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே, ஒரு பெண் கத்தி யார் காதில் விழும்? "இறக்குய்யா! பாவி, இறக்கு!"

விமானம் விளிம்பைத் தாண்டியது. தாண்டியதும் சற்றே கீழே போனது. எப்போதும் போகிறதுதான். எப்போதும் பார்க்கிறதுதான். இன்று மதகானேவால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மன்தோவாவின் விரல்கள் அவள் முழங்கையில் பதிந்திருந்தன. விமானம் ஏறத் தொடங்கியது. ஏறியது என்று சொல்வதே பெருமைக்குத்தான். ஒவ்வொரு அடியையும் அது கேட்டுக் கேட்டு வாங்கியது. மேடு நெருங்கியது, கம்பு நெருங்கியது. மூக்கு ஆடவில்லை, இறக்கை சாயவில்லை. பதறிப்போய் மூக்கை இன்னும் தூக்கியிருந்தால் அங்கேயே மூச்சடங்கி விழுந்திருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்தவள் பதறவில்லை.

சக்கரங்கள் கொடிக்கு மேலே போயின.

எவ்வளவு மேலே? கம்பின் நுனியில் ஓர் ஆள் நின்று, அவன் தோளில் இன்னோர் ஆள் நின்றால் சக்கரத்தைத் தொட்டிருப்பான். அவ்வளவுதான். ஆனால் போய்விட்டது. விமானம் கிளப்பிய காற்றில் கொடி ஒருமுறை பைத்தியம் பிடித்தாற்போல் சுற்றிக்கொண்டு பிறகு தொங்கியது.

மன்தோவா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மதகானேவின் கையில் ரேடியோ கரகரத்தது.

"க்ளினிக், மொசேலே பேசறேன். நல்லபடியா ஏறிட்டோம்." அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பட்டாணி மூட்டையை எடை போடும் குரல்தான். "பொண்ணு நல்லாருக்கா. ஜன்னல் வழியா அம்மா கொடியைப் பாத்துட்டாளாம், சொல்லச் சொல்றா." சிறிது நேரம் இரைச்சல் மட்டும். பிறகு, "காத்து பின்னால திரும்பிடுச்சு ம்மே. ஐம்பதுல மிச்சம் பத்தோ பன்னெண்டோதான். எழுதிக்கறேன்."

மதகானே பொத்தானை அழுத்தினாள். "மொசேலே," என்றாள். கேப்டன் என்று சொல்லவில்லை. "உன்னைக் கல் நெஞ்சுன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு."

"தப்பா சொல்லிட்டேன்மா."

"பரவால்ல. ரொட்டியை நீங்க சாப்பிட்டுடுங்க, கெட்டுப்போயிடும்."

மதகானேவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தக் குள்ளப் பெண்ணை நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கம்பு எழும் என்று மொசேலேவுக்குத் தெரியாது. காற்று திரும்பும் என்றும் தெரியாது. தெரிந்திருந்தால் தடுப்பது பெரிய சாமர்த்தியமில்லை, யாரும் செய்வார்கள். இவள் ஒன்றும் தெரியாமலே, தெரியாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, முகத்துக்கு நேரே திட்டு வாங்கும்போதும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் காத்தாள். பழைய பைலட் ஏற்றிய ஆட்டுக்குட்டிகளை எல்லாம் மதகானே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அவன் திறமை இல்லை. அன்றைக்கெல்லாம் காற்று திரும்பவில்லை, யாரும் கயிற்றை இழுக்கவில்லை.

அரைமணி கழித்து ரமகாட்சா வந்தான். கையில் நுரை தளும்பும் ஒரு வாளி ஜோவாலா. முகமெல்லாம் பல். பின்னால் குடிக்க வந்த இரண்டு பேர். அவர்கள்தான் கயிற்றுக்குக் கை கொடுத்தவர்கள்.

"சிஸ்டர்! பாத்தீங்களா? சரியா அவங்க மேல வரும்போது நிமித்திட்டேன். அம்மாவும் பொண்ணும் மேலேருந்து நல்லாப் பாத்திருப்பாங்க. வீட்டுல கொடி பறக்குதுன்னா நல்ல சகுனம்..." வேலியோரம் உட்கார்ந்திருந்த மன்தோவாவைக் கண்டதும் வாளி ஆடியது. "நீ ஏன் இங்க இருக்கே? நீ போகல?"

"கம்பை ஏன்யா ஏத்தினே?" என்றாள் மன்தோவா. கத்தவில்லை. கத்துவதற்குத் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஏத்தினா என்ன? ஆளு ஏத்துறவரைக்கும் கீழ கிடக்கணும்னுதானே சிஸ்டர் சொன்னாங்க. எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. சரி, ஏத்தியாச்சு, கிளம்பிட்டாங்கன்னு நிமித்தினேன்." மதகானேவைப் பார்த்தான். "நீங்க சொன்னீங்கல்ல சிஸ்டர்? அவ்வளவுதான்னு?"

சொன்னாள்தான். மதகானே அவனைத் திட்ட வாயெடுக்கவில்லை. இரண்டு நிமிடம் நின்று விளக்கியிருந்தால் அந்த மனுஷன் கயிற்றைத் தொட்டிருக்கமாட்டான். ஊரில் எல்லாரும் மொசேலேவின் கறாரைப் பழித்தார்கள். அந்தக் கறாரில் ரமகாட்சாவின் பாசத்துக்கும் இடம் இருந்தது, மதகானேவின் அவசரத்துக்கும் இடம் இருந்தது.

வாளியை யாரும் தொடவில்லை. மதகானே ரொட்டியை நான்காகப் பிய்த்துக் கொடுத்தாள். மன்தோவா அதை மடியில் வைத்துக்கொண்டு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரமகாட்சாவுக்கு என்ன தப்பு என்று விளங்கவில்லை. கேட்கப் பயமாகவும் இருந்தது. மனைவி அழுதால் சமாளிப்பான், சண்டை போட்டால் சமாளிப்பான். இப்படி மேட்டையே வெறித்துக்கொண்டிருப்பது அவனுக்குப் புதிது.

ஐந்து மணிக்கு ரேடியோ பேசியது. மசேருவிலிருந்து. பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாய் நலம், மயக்கம் தெளிந்துவிட்டது, போர்வையை யாரும் எடுக்கக் கூடாது என்று சண்டை போடுகிறாள்.

ரமகாட்சா தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்து ஏதோ சொன்னான். குடிக்க வந்த இருவரும் ஆடவே தொடங்கிவிட்டார்கள். மதகானே சுவரில் சாய்ந்து, காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு விட்டாள்.

மன்தோவா எழுந்தாள். பூட்ஸை மாட்டியிருந்தாள், கையில் தடி இருந்தது. நேராக க்ளினிக்குள் போய்த் தராசின் மேல் ஏறி நின்றாள். இந்த முறை மூச்சைப் பிடிக்கவில்லை.

"இங்க வாய்யா," என்றாள். "முள்ளு எங்க நிக்குது, படி."

ரமகாட்சா குனிந்து பார்த்தான். "எண்பது."

"இன்னும் ரெண்டு பொண்ணுமேல போத்தியிருக்கு. எண்பத்திரண்டு. இதை அந்த பைலட் பொண்ணு ஏத்தமாட்டேன்னுட்டா. நான் அவளைச் சபிச்சேன், மனசுக்குள்ள." மன்தோவா தராசிலிருந்து இறங்கவில்லை. "நீ நிமித்தின கம்புக்கும் உன் மக போன விமானத்தோட சக்கரத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருந்துச்சு, பாத்தியா?"

"பாத்தேன்."

"அது நான்தான்யா."

ரமகாட்சா தராசின் முள்ளைப் பார்த்தான், ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தான், பிறகு மறுபடியும் முள்ளைப் பார்த்தான். அவன் முகத்தில் அது மெல்ல விளங்குவதை மதகானே பார்த்தாள். அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வாசலில் சாத்தியிருந்த க்ளினிக்கின் விறகுக் கோடாலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே மேட்டை நோக்கி நடந்தான்.